உழவுச் சொற்களின் பொருளும் வழக்கும்

பயிர்த்தொழிலைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்குவது எளிய வேலை என்று பலரும் கருதுகின்றனர். நல்ல அகராதி ஒன்றும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். மொழிபெயர்ப்புப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில் எனக்கும் அந்த எண்ணமே இருந்தது. நெல் நடவு பற்றிய ஒரு துண்டறிக்கை அதைப் போக்கிற்று.

அவ்வறிக்கையின் ஆங்கில மூலத்தில் 'டில்லர்ஸ் பெர் ஹில்' என்றொரு தொடர் இருந்தது. 'டில்லர்' என்றால் நிலத்தை உழுபவர். 'ஹில்' என்றால் குன்று. நிலச் சீர்திருத்தக் கோப்புகளில் முதற்சொல்லை அந்தப் பொருளில் பலமுறை கண்டிருந்தேன். ஆகவே, சிறிதும் ஐயுறாமல், ஒரு குன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு உழவர்கள் இருப்பின் விளைச்சல் மிகும் என்னும் கருத்துப்பட எழுதிவிட்டேன். மலைப்பகுதிச் சாகுபடி போலும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அச்சுக்குப் போகுமுன் பார்வைக்கு அனுப்பிய படியைத் தஞ்சைப் பகுதியிலிருந்து ஒரு களப்பணியாளர் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் அவர் எழுதியிருந்தது இவ்வளவே: "ஐயா, குத்துக்கு இத்தனை தூர் என்று இருக்கவேண்டும். எங்கள் ஊரில் குன்று இல்லை."

நடவின்போது ஓரிடத்தில் சேர்த்து ஊன்றப்படும் நாற்றுகளின் தொகுதியே குத்து. அதன் அடிக்கணுக்களிலிருந்து கிளைத்தெழும் தண்டு தூர். இருபது செண்டிமீட்டருக்குப் பத்து செண்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் 50 குத்துகள் அமையும். அவற்றுள் கதிர் வாங்கும் தூர்கள் எத்தனை என்று எண்ணியே வயலின் விளைச்சலை மதிப்பிடுகிறார்கள். அத்துணை அடிப்படையான ஓர் அளவையை நான் மனிதர்களாகவும் மலைகளாகவும் மாற்றியிருந்தேன். போதாக்குறைக்கு, உழும் எந்திரம் ஒன்றும் இப்போது 'பவர் டில்லர்' என்ற பெயரில் வயலில் ஓடுகிறது.

அன்றுமுதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். உழவுச் சொல் ஒன்று எதிர்ப்படுமிடத்து, அதன் பொருள் யாது என்று கேட்பதோடு, அதைப் படித்தவர் கை என்ன செய்யும் என்றும் கேட்டுக்கொள்வது. களத்தில் பணியாற்றுவோரும் பள்ளியில் போதிப்போரும் நாள்தோறும் எங்கள் சொற்களை மக்களிடம் கொண்டுசெல்பவர்கள் ஆதலின், இவ்வாறு கேட்டதனால் தெளிந்த சிலவற்றை அவர்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

தொழிலின் பெயரிலிருந்தே தொடங்கலாம். வேளாண்மை என்னும் சொல் திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் உபகாரம் என்ற பொருளில் வருகிறது. பயிர்த்தொழிலை அது குறிப்பது இன்றைய வழக்கு. விவசாயம் என்பது வடமொழி 'வியவசாய'த்தின் தமிழ் வடிவம். முயற்சி, உறுதியான உழைப்பு என்பது அதன் மூலப்பொருள். இந்த ஒரு சொல் பாரதத்தின் மொழிகளில் எடுத்துள்ள வேடங்கள் வேடிக்கையானவை. தெலுங்கிலும் கன்னடத்திலும் அது நம்மைப்போலவே பயிர்த்தொழிலைக் குறிக்கும். மலையாளத்திலோ அதற்குக் கைத்தொழில், ஆலைத்தொழில் என்று பொருள். பயிர்த்தொழிலை அவர்கள் கிருஷி என்பர். இந்தியில் அது எந்தப் பிழைப்பையும் குறிக்கும். இந்திப் படிவம் ஒன்றில் 'வியவசாய்' என்ற கட்டத்தைக் கண்டு 'விவசாயம்' என்று தமிழாக்கினால், தையற்காரரும் தட்டச்சரும் தமக்கு எத்தனை ஏக்கர் என்று அக்கட்டத்தில் தேட நேரிடும்.

மகசூலும் இவ்வாறே. அரபு மொழியில் விளைபொருள் என்னும் பொருளுடைய இச்சொல் தமிழில் அப்பொருளைப் பெரிதும் காத்துக்கொண்டது. மராத்தியில் மகசூல் என்றால் அரசிறை. அங்கே வருவாய்த் துறையின் பெயரே அது. விளைவுக்கும் வரிக்கும் இடையிலுள்ள உறவு நெருங்கியதுதான். எனினும், உழவரிடம் சென்று இவ்வாண்டு மகசூல் என்ன என்று வினவும் அலுவலர், எந்த மாநிலத்தில் நின்று வினவுகிறார் என்பதை நினைவிற்கொள்வது நலம். கிராமக் கணக்கிலுள்ள பசலியும் அரபு வழிவந்ததே. பருவம், விளைச்சல் என்று பொருள்படும் 'ஃபசல்' அதன் மூலம். 2024 ஜூலை முதல் நாள் தொடங்கிய ஆண்டு பசலி 1434 ஆகும். பிள்ளைகள் வீட்டிலுள்ள அடங்கல் நகலில் அந்த எண்ணைக் கண்டு திகைப்பார்களாயின், ஆசிரியர் இதனைக் கொண்டு ஒரு வகுப்பே நடத்தலாம்.

பருவங்களின் பெயர்களில் இடர் இன்னும் பெரிது. மத்திய அரசின் அறிக்கைகளில் இடையறாது வருபவை கரீஃப், ரபி என்னும் இரண்டு. அரபு மொழியில் கரீஃப் இலையுதிர் காலத்தையும், ரபி இளவேனிலையும் குறிக்கும். இவை அறுவடையை நோக்கி இடப்பட்ட பெயர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஜூன், ஜூலையில் விதைத்து இலையுதிர் காலத்தில் அறுப்பது கரீஃப். அக்டோபர், நவம்பரில் விதைத்து இளவேனிலில் அறுப்பது ரபி. வரி வாங்குவோர் வழியாகப் பரவிய பெயர்கள் அறுவடையின்மேல் கண் வைத்திருப்பதில் வியப்பில்லை.

தமிழ் உழவரோ பயிரின்மேல் கண் வைத்துப் பெயரிட்டார். குறுவை என்பது பயிரின் குறுகிய வயதைச் சொல்லும். தாளடி என்பது, முன்பயிரை அறுத்த தாள் நின்ற வயலில் அடுத்து நடப்படுவது என்பதைச் சொல்லும். சம்பா என்றவுடன் நீண்ட வயதுடைய நெல் நினைவுக்கு வருகிறது. வங்காளத்தில் ஆவுஸ் என்றொரு நெற்பருவம் உண்டு. விரைவு என்று பொருள்படும் 'ஆசு' என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். கங்கைக் கரையிலும் காவிரிக் கரையிலும் இருந்த உழவர்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கருத்தில் பெயர் வைத்திருக்கின்றனர்.

இவ்வாறு வெவ்வேறு கணக்கில் பிறந்த பெயர்களை ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்த முயல்வதே மொழிபெயர்ப்பாளனின் முதல் மயக்கம். கரீஃபுக்குக் குறுவை, ரபிக்குச் சம்பா என்று எழுதிவிட்டால் வாக்கியம் தமிழாகத் தோன்றும், செய்தி பொய்யாகும். ஆகஸ்டில் விதைத்துச் சனவரியில் அறுக்கும் சம்பா, விதைப்பால் கரீஃபை ஒட்டியும் அறுவடையால் ரபியை ஒட்டியும் நிற்கிறது. குறுவை என்று மட்டும் எழுதினால் திருநெல்வேலியின் காரும் செங்கற்பட்டின் சொர்ணவாரியும் விடுபட்டுப்போகும். நாட்டின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையை நம்பிப் பயிரிடுகையில், தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கிடைக்கிறது. மழை வேறானால் பருவமும் வேறாகத்தானே வேண்டும்?

இது சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தியன்று. 2016இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உணவு தானியங்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் உழவர் செலுத்தவேண்டிய பங்கு கரீஃப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரை. ரபியில் ஒன்றரை சதவீதம் வரை. பதிவு செய்வதற்கான கடைசி நாளும் பருவத்தை ஒட்டியே அமைகிறது. தம் பயிர் எந்தத் தலைப்பின்கீழ் அறிவிக்கப்பட்டுள்ளது என்பதை உழவர் அவ்வாண்டின் அறிவிக்கையைப் பார்த்தே தெளிய வேண்டும். சொல்லின் ஒலியைக் கொண்டு ஊகித்தால் நாள் கடந்துபோகும். ஆகவே நாங்கள் இப்போது கரீஃப், ரபி என்பவற்றை அப்படியே எழுதி, பக்கத்திலேயே மாதங்களைக் குறிக்கிறோம். அழகில்லைதான், ஆயினும் பிழையில்லை.

பயிரின் உறுப்புகளைப் பற்றிய சொற்களில் கிராமத்தின் வளத்திற்கு நம் நூல்கள் ஈடாகா. கதிருக்கு அடுத்து நிற்கும் கடைசி இலையை ஆங்கிலம் கொடியோடு ஒப்பிட்டது. அதைக் 'கொடி இலை' என்று பெயர்த்தால், கொடி என்ற சொல் அவரையையும் பாகலையும் நினைவூட்டிக் குழப்பும். உழவர் அதைக் கண்ணாடி இலை என்கிறார். தண்டுத்துளைப்பான் தாக்கியதால் நடுக்குருத்து வாடிக் கையோடு வருவதை ஆங்கிலத்தில் 'செத்த இதயம்' என்று பொருள்படச் சொல்லுவர். நமக்குக் குருத்துக் காய்தல் என்பதே விளங்கும். கதிர் உறைக்குள் பருத்து நிற்கும் நிலையைத் தொண்டைக்கதிர் என்றும், மணி திரளத் தொடங்குவதைப் பால் பிடித்தல் என்றும் சொல்லும் ஒருவரிடம் நாம் கற்பதற்கே மிகுதி. புது தில்லியில் கலைச்சொல் ஆணையம் 1961இல் நிறுவப்பெற்ற காலந்தொட்டு ஆயிரக்கணக்கான சொற்கள் ஆக்கப்பட்டுள்ளன. ஆக்குவதற்குமுன் கேட்டறிவது குறைவாக இருந்தது என்பது என் தாழ்மையான கருத்து.

ஆக்கிய சொற்கள் யாவும் தோற்றன என்று சொல்வதும் முறையாகாது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்றும் எந்த மொழியும் பெருமைப்படத்தக்க ஆக்கங்கள். நைட்ரஜன் தழையை வளர்ப்பதையும், பாஸ்பரஸ் மணி திரளத் துணைபுரிவதையும், பொட்டாஷ் என்ற பெயரே சாம்பலிலிருந்து வந்ததையும் அவை ஒரு மூச்சில் சொல்லிவிடுகின்றன. வகுப்பில் நைட்ரஜனைப் படிக்கும் மாணவன், தன் தகப்பனார் பேசும் தழைச்சத்தும் அதுவே என்று அறியாதிருப்பதைப் பல ஆசிரியர்கள் கண்டிருப்பர். ஆயினும் இங்கும் ஒரு வழுக்கல் உண்டு. ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து இடுக என்று எழுதினால், 50 கிலோ யூரியா என்று கொள்வோர் உளர். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதமே ஆதலின், 50 கிலோ தழைச்சத்துக்கு ஏறத்தாழ 109 கிலோ யூரியா வேண்டும். இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுவதன்றி இதற்கு வேறு வழி காணேன்.

எரு, உரம் என்னும் இரண்டையும் முன்னோர் வேறுபடுத்தியே வழங்கினர். தொழுவிலும் குப்பைக்குழியிலும் மக்கியது எரு. உரம் என்றால் வலிமை. மண்ணுக்கு வலிமை தருவது என்ற பொருளில் அது இரசாயன மூட்டைக்கும் பெயராயிற்று. இதுவரை கேடில்லை. அசோஸ்பைரில்லம், ரைசோபியம் முதலிய நுண்ணுயிர்களின் பொட்டலத்திற்கு 'உயிர் உரம்' என்று பெயரிட்டபோதுதான் தொல்லை வந்தது. உரம் என்ற பெயர் கேட்டவுடன் அதை யூரியாவோடும் டி.ஏ.பி.யோடும் கலந்து வீசுவது இயல்பு. கலந்தால் நுண்ணுயிர் மடியும். பொட்டலத்தை வெயிலில் வைத்தாலும் மடியும். விதையோடு சேர்ப்பதாயின் ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். பயன்படுத்தும் நாள்வரை உயிரோடு காக்கவேண்டிய பண்டம் அது. பயறு விதைக்குச் சேர்க்கும் ரைசோபியத்தை 'வேர்முடிச்சு விதை' என்று ஓர் உழவர் குறிப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். இலக்கணப்படி அது சரியன்று. ஆனால் விதையை வெயிலில் காயவிட்டு யூரியாவோடு கலப்பார் எவருமில்லை!

நிலத்தின் பெயர்களைச் சுருக்கமாகவே தொடுகிறேன். வருவாய்க் கணக்கில் ஆங்கிலத்தில் 'வெட் லாண்டு' என்பது நன்செய். 1971இல் ஈரான் நாட்டு ராம்சாரில் கையெழுத்தான உடன்படிக்கையில் வரும் 'வெட்லாண்டு' ஏரி, சதுப்பு, கழிமுகம் முதலியவற்றைக் குறிக்கும். அதை நாம் ஈரநிலம் என்கிறோம். இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள் நெல்வயலை ஈரநிலத்தின் வரையறையிலிருந்து வெளிப்படையாக நீக்கியுள்ளன. ஒன்றை மற்றதாக எழுதினால், தம் நன்செய்யில் உழவே கூடாதோ என்று உழவர் அஞ்ச நேரும். தரிசு என்பதிலும் கவனம் வேண்டும். நடப்பாண்டில் மட்டும் பயிரிடாது விட்ட நிலம் நடப்புத் தரிசு. ஐந்தாண்டுக்குமேல் உழாது கிடப்பது கணக்கில் வேறு வகை. ஓய்வு கொள்ளும் நிலத்தையும் கைவிடப்பட்ட நிலத்தையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டு, பிறகு புள்ளிவிவரம் பொருந்தவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

இனி, எனக்கு நெடுங்காலமாக உறுத்தலாக இருந்துவரும் ஒரு சொல்லுக்கு வருகிறேன். அது மருந்து.

பயிரில் பூச்சி கண்டால் 'மருந்து அடிக்கவேண்டும்' என்பது நம் நாட்டு வழக்கு. தெலுங்கர் மந்து என்கின்றனர். இந்தி பேசுவோர் தவா, தவாயீ என்கின்றனர். பயிர் நோயுற்றது, அதற்கு மருந்து தரப்படுகிறது என்னும் உவமை யாவருக்கும் எளிதில் மனத்திற் படுகிறது. ஆனால் உவமை தன் வழியே நம்மை இழுத்துச் செல்லும். மருந்து நன்மை செய்வது. மருந்தைச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் விரைவில் குணமாகும். மருந்து வீட்டு அலமாரியில் இருக்கத்தக்கது. மருந்து கையில் பட்டால் குற்றமில்லை. நோய் வருமுன் கொடுத்துவைப்பது இன்னும் நல்லது. இவை அனைத்தும் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கட்டளைகள். பூச்சிக்கொல்லியைப் பொறுத்தவரை இவை ஒவ்வொன்றும் கேடு. இன்னொரு புறம், ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற துயரச் செய்தியை 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்று ஊரார் தாழ்ந்த குரலில் சொல்லும்போது, அச்சொல் எதைக் குறிக்கிறது என்பது கேட்பவர் எல்லாருக்கும் தெரியும். அறிவு ஊரில் இருக்கத்தான் செய்கிறது. பெயர்தான் அதை மறைக்கிறது.

இதன் விலையை நாடு ஒருமுறை பெரிதாகக் கொடுத்தது. 1958இல் கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நஞ்சும் மாவும் ஒரே கப்பலில் அருகருகே ஏற்றப்பட்டு வந்தன என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. அதன் பின்விளைவாகவே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971இல் அதற்கான விதிகளும் பிறந்தன. சட்டத்தின் தலைப்பில் மருந்து என்னும் கருத்துக்கே இடமில்லை. கொல்லி என்பதே அங்குள்ள பொருள்.

அவ்விதிகளின்படி ஒவ்வொரு கொள்கலத்தின் மேலும் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிடப்படுகிறது. அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அதற்கு மேற்பாதியில் மண்டையோடும் எலும்புகளும் உண்டு. மஞ்சள் கொடியது, நீலம் இடைநிலை, பச்சை குறைந்தது. பச்சை என்பதனால் தீங்கற்றது என்று கொள்வது தவறு. அதிலும் எச்சரிக்கைச் சொல் உண்டு. சீட்டும் உள்ளிருக்கும் விளக்கத் தாளும் இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் இருத்தல் வேண்டும். படிக்கத் தெரியாதவர்க்கும் நிறம் தெரியும் ஆதலின், பள்ளிச் சுவரில் இந்த நான்கு சதுரங்களையும் வரைந்து வைத்தால், பிள்ளைகள் வழியே செய்தி வீட்டுக்குச் சென்றுவிடும். பூச்சிக்கொல்லி தடவிய விதையை 'விதை நேர்த்தி' செய்தது என்று அழகாகச் சொல்லுகிறோம்; மிஞ்சிய விதையைக் கோழிக்கு இடலாகாது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் மருந்து என்ற சொல்லை விலக்கிவிடலாமே என்பீர்கள். முயன்று பார்த்தோம். பூச்சிக்கொல்லி என்பது அச்சில் நன்றாக நிற்கிறது, நாவில் நிற்கவில்லை. சென்ற முறை ஊருக்குச் சென்றிருந்தபோது, முன்பு என் குன்றுகளைத் திருத்தியனுப்பிய அந்தக் களப்பணியாளரை நேரில் கண்டு இதைப் பற்றிக் கேட்டேன். இப்போது அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருக்கிறார்.

"ஐயா, கடையில் போய்க் கேட்கும்வரை நானும் மருந்து என்றுதான் சொல்லுவேன். இல்லையென்றால் கடைக்காரருக்கே புரியாது," என்றார் அவர். "மூடியைத் திறக்கும்போது மட்டும் மருந்து என்று சொல்லமாட்டேன். விஷம் எடுக்கிறேன், பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்பேன். காலி டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கும் வீட்டிலும் அதேதான். விஷ டப்பா என்று ஒருமுறை சொன்னால் போதும், அந்த அம்மாள் மறுநாள் அதைத் தொடமாட்டார்."

அடுத்து வந்த துண்டறிக்கையில் அவர் முறையையே பின்பற்றினோம். வாங்குவதைப் பற்றிய பகுதியில் பூச்சிமருந்து என்றே இருக்கிறது. கலக்குதல், தெளித்தல், வைத்திருத்தல், கொள்கலத்தை அழித்தல் ஆகிய நான்கு பகுதிகளிலும் நஞ்சு என்றிருக்கிறது. ஒரே பொருளுக்கு இரு பெயர் வழங்குவது மொழிபெயர்ப்பு முறைக்கு ஒவ்வாதென்று மெய்ப்புத் திருத்துபவர் இரண்டு முறை குறிப்பெழுதினார். இரண்டு முறையும் அப்படியே விடுமாறு எழுதியனுப்பினேன்.